விடுமுறைக்கு ஆறு நூல்கள்

மாணவியரே! நூலகத்துக்குள் நுழைந்ததும் உங்களுள் பெரும்பாலோர் கதைப் புத்தக அலமாரியை நோக்கியே விரைகிறீர்கள். அதில் தவறில்லை. கதை கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம் எல்லோரும்! ஆயினும் அதற்குப் பக்கத்தில் வரலாற்று நூல்களும் பண்பாட்டு நூல்களும் கைபடாமல் காத்துக் கிடக்கின்றன. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் ஒரு நூலின் குறையை மற்றொரு நூல் நிறைவு செய்வதைக் காண்போம். அவ்வாறு வாசித்துப் பழகிய பெண்ணை எவரும் அரைகுறைச் செய்தி சொல்லி ஏமாற்றிவிட முடியாது. வரும் விடுமுறையில் நீங்கள் வாசிக்கத்தக்க ஆறு நூல்களை இங்கே அறிமுகம் செய்கிறேன்.

வரலாறு

முதலாவது, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வணிகராக விளங்கி, கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக உயர்ந்தவர் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, வழக்கு, கலியாணம், போர் என எல்லாம் அதில் உண்டு. இலக்கணத் தமிழன்று, அந்நாளில் மக்கள் பேசிய பேச்சின் மணம் வீசும் தமிழ். முழுவதையும் வாசிக்க இயலாவிடினும், சில பகுதிகளையேனும் வாசியுங்கள்.

அந்த நாட்குறிப்பில் மனத்தை வருத்தும் பக்கங்களும் உண்டு. 1748ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், அங்கிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரிமார் சிலரும் அதில் முன்னின்றனர் என்பதைப் பிள்ளை வேதனையோடு பதிவு செய்கிறார். கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டு மலரில் இதை எழுதத் தயங்க வேண்டுமா? வேண்டியதில்லை. உண்மைக்கு அஞ்சாதிருக்கவே நம் விசுவாசம் நமக்குக் கற்பிக்கிறது. நம்மவர் செய்த நன்மையை மட்டும் படித்து, செய்த தீமையை மறைத்துவிட்டால் அது வரலாறு ஆகாது, வெறும் புகழுரையாகும்.

புதினம்

இரண்டாவது நூல் நீங்கள் அனைவரும் அறிந்ததே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. இதை வாசிக்க வேண்டாம் என்று யாரேனும் தடுத்தாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை! ஆனால் ஒரு வேண்டுகோள். வாசிக்கும்போது, எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்துப் பாருங்கள். நந்தினி கல்கியின் கற்பனையில் பிறந்தவள். குந்தவையோ உண்மையாக வாழ்ந்தவர். தம் தம்பி இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் காணப்படுகின்றன. ரவிதாசன் அவர்களுள் ஒருவன். ஒரு கல்வெட்டின் சில வரிகளிலிருந்து எத்தனை பெரிய கதைமாளிகையை எழுப்பியிருக்கிறார் என்று வியக்கும்போதுதான் கல்கியின் திறமை நமக்கு முழுமையாக விளங்கும்.

மூன்றாவது, தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879இல் வெளிவந்தது. இதை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர்; முன்சீப் பதவி வகித்தவர். பெண் கல்விக்காகப் பாட்டும் உரைநடையும் எழுதியவர். அவருடைய கதாநாயகி ஞானாம்பாள் கணவனைக் காட்டிலும் மதிநுட்பம் மிக்கவள். ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கு அரசனாகி, நீதி தவறாமல் ஆளுகிறாள். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பலரும் கேட்டுக் கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண்ணை அரியணையில் ஏற்றிப் பார்த்தது அவர் பேனா. நாவலின் நடை பழமையானது. இடையிடையே உபதேசமும் கிளைக்கதைகளும் நீளும். பொறுமையோடு வாசியுங்கள், நகைச்சுவை உங்களைக் கைவிடாது.

நான்காவது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் புதினம். எழுதப் புகுமுன் அந்தந்த மக்களின் இருப்பிடத்துக்கே சென்று, அவர்களோடு பழகி, கேட்டறிந்து எழுதுவது இவர் வழக்கம். வறுமையால் அளத்து வேலைக்குப் போகும் பொன்னாச்சி என்னும் பெண்ணின் துன்பமும் துணிவும் இதில் விரிகின்றன. பகல் முழுதும் வெயிலில் நின்று, உப்பு நீரில் கால் வெந்து உழைப்பவர்களின் வியர்வையை, நம் வீட்டுச் சோற்றில் உப்பிடும்போது நாம் நினைப்பதுண்டா? இதை வாசித்த பின் நினைக்காமல் இருக்க முடியாது.

பண்பாடு

ஐந்தாவது, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஓலைச்சுவடிகளில் அழிந்து கொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த பெரியவர், தம் வரலாற்றைத் தாமே சொல்கிறார். அக்காலத்துக் கிராமம், பாட்டு, விருந்து, குருகுலப் படிப்பு யாவும் கண்முன் வந்து நிற்கின்றன. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவர். ஆயினும், நாம் மேலே கண்ட வேதநாயகம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவர் அவருடைய மாணவர். 1876இல் மகாவித்துவான் உயிர் பிரியும் வேளையில், சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக் கொண்டிருந்தார். சாமிநாதையர் திருவாசகம் வாசித்தார். அவர்கள் இருவரும் தமிழால் அந்த ஆசிரியருக்குப் பிள்ளைகள் ஆனவர்கள்.

நாட்குறிப்பில் 1748ஆம் ஆண்டைப் படித்த கண்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். முன்னதை மட்டும் படித்தால் மனத்தில் கசப்பே மிஞ்சும். பின்னதை மட்டும் படித்தால், இந்த மண்ணில் என்றும் சண்டையே இருந்ததில்லை என்று எண்ணி மயங்குவோம். இரண்டும் நடந்தவையே. இவற்றுள் எதை வளர்ப்பது என்பது இனி உங்கள் கையில் இருக்கிறது.

ஆறாவது, மயிலை சீனி. வேங்கடசாமி எழுதி 1936இல் வெளியான ‘கிறித்தவமும் தமிழும்’. தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் கிறித்தவர் ஆற்றிய தொண்டை விளக்கும் நூல் இது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதைத் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்னும் இயேசு சபைக் குரு. வேங்கடசாமி கிறித்தவர் அல்லர் என்பது கருதத்தக்கது. சமணத்தைப் பற்றியும் பௌத்தத்தைப் பற்றியும் அவ்வாறே தனித்தனி நூல்கள் எழுதினார். பிறர் நன்மையை மனமாரப் பாராட்டுவது எப்படி என்பதற்கு அவர் எழுத்தே பாடம்.

வாசிக்கும் முறை

தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு நூலையும் முடித்த பின் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. இதை எழுதியவர் யார்? எக்காலத்தில், யாருக்காக எழுதினார்?

2. இதில் நேரில் கண்டது எது? கேள்விப்பட்டது எது? கற்பனை எது?

3. இந்நூலில் யாருடைய குரல் கேட்கவில்லை? பெண்களா, ஏழைகளா, தோற்றவர்களா?

4. இதை வாசித்ததால் என் எண்ணத்தில் மாறியது என்ன?

மூன்றாம் கேள்வி மிக முக்கியமானது. துபாஷியின் நாட்குறிப்பில் கவர்னர்களும் வணிகர்களும் நிறையப் பேசுகிறார்கள். சுமை தூக்கியவர்களின் வாய்ச்சொல் அரிதாகவே கேட்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ‘கரிப்பு மணிகள்’ போன்ற புதினங்கள் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். விடுமுறை என்றால் மகனுக்கு விளையாட்டு, மகளுக்கு அடுப்படி என்று பிரித்துவிடாதீர்கள். வீட்டு வேலையை இருவரும் பகிர்ந்து செய்யட்டும். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உங்கள் மகள் கையில் புத்தகத்தோடு அமர்ந்திருக்க விடுங்கள். அந்நேரத்தில் அவளைக் கூப்பிடாதிருப்பதே நீங்கள் அவளுக்குத் தரும் நல்ல பரிசாகும்.

மாணவியரே! ஞானாம்பாளை அரியணையில் ஏற்றிய வேதநாயகம் பிள்ளை, நம் நாட்டுப் பெண்கள் படிக்க வேண்டும் என்று ஏங்கினார். உங்களுக்குப் படிப்பு கிட்டிவிட்டது. அலமாரிகளும் திறந்தே இருக்கின்றன. ஆறு நூல்களையும் வாசித்து, பள்ளி திறக்கும் நாளில் உங்கள் நோட்டுப் புத்தகங்களோடு வாருங்கள். எந்த நூல் சொன்னதை எந்த நூல் மறுத்தது என்று நாம் கூடிப் பேசுவோம்.