ஒப்பிடுவது என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பயிற்சித்தாளைப் படித்தேன். கணக்கில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் ‘இரண்டு வகுப்புகளின் மதிப்பெண் பரவலை ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு, ‘முதல் வகுப்பின் சராசரி அதிகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

டார்வினின் மக்காச்சோளச் செடிகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்த செடியின் பிள்ளைகளுக்கும் (தன்சேர்க்கை), வேறு செடியின் மகரந்தம் பெற்றதன் பிள்ளைகளுக்கும் (அயற்சேர்க்கை) வளர்ச்சியில் வேறுபாடு உண்டா என்று அவர் சோதித்தார். ஒரே நேரத்தில் முளைவிட்ட விதைகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். மொத்தம் 15 ஜோடி. உயரத்தை எட்டில் ஒரு அங்குலம் வரை, அதாவது நம் ஆசாரிகள் சொல்லும் ஒரு நூல் வரை, துல்லியமாகக் குறித்தார். 1876-இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்த அட்டவணை இருக்கிறது.

அயற்சேர்க்கைச் செடிகளின் சராசரி உயரம் 20.19 அங்குலம், தன்சேர்க்கைச் செடிகளுக்கு 17.58. உன் வழியில் போனால் விடை இங்கேயே முடிந்துவிடும். இடைநிலை அளவைப் பார்: 21.5, 18. சராசரியில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்த இடைவெளி இப்போது மூன்றரை ஆகிவிட்டது. ஏன்?

தாளில் ஒரு கோடு போட்டு, 15 உயரங்களையும் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். அயற்சேர்க்கையில் 13 செடிகள் 18-லிருந்து 23.5 அங்குலத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. இரண்டு மட்டும் 12 அங்குலத்தில் தனியே கிடக்கின்றன. சராசரியைக் கீழே இழுத்தவை இவைதான். திட்டவிலக்கத்தை ஊதிப் பெருக்கியவையும் இவையே: எல்லாவற்றையும் சேர்த்தால் 3.62, இவ்விரண்டையும் விட்டால் 1.54. தன்சேர்க்கைக்கு அது 2.05. ‘எந்தக் கூட்டம் அதிகம் சிதறியிருக்கிறது?’ என்ற கேள்விக்கான விடையையே இரண்டு செடிகள் தலைகீழாக்கிவிட்டன!

அதற்காக அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதே. ஜான் டூக்கி வகுத்த விதிப்படி, கால்மானங்களிலிருந்து கால்மான இடைவீச்சின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் போகும் எண்ணைத் தனியே குறிக்கிறோம். இந்த இரண்டும் அதில் சிக்குகின்றன. தன்சேர்க்கையில் மிகக் குட்டையான செடி 12.75 அங்குலம், எல்லைக் கோடு 12.69-இல் விழுவதால் அரை நூலில் தப்பிக்கிறது. கால்மானத்தைக் கணக்கிட இன்னொரு முறையும் வழக்கில் உண்டு. அதன்படி எல்லை 13-க்கு ஏறிவிடும், அதே செடி வெளியே போய்விடும். ஆகவே அந்த விதி சொல்வதெல்லாம் ‘இதைக் கொஞ்சம் கவனி’ என்பதுதான். நீக்குவதற்கு வேறு காரணம் வேண்டும்: அளந்ததில் தவறு, செடிக்கு நோய், இப்படி ஏதாவது.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தன்சேர்க்கையின் மிக உயரமான செடியை விட உயரமாக, அயற்சேர்க்கையில் 10 செடிகள் நிற்கின்றன. 15-க்கு 10. இரண்டு பரவல்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சராசரியும் எனக்குச் சொன்னதில்லை.

ஜோடியையும் மறந்துவிடக் கூடாது. டார்வின் கேட்டுக்கொண்டதால் பிரான்சிஸ் கால்டன் இந்த எண்களை ஆராய்ந்தார். இரு பக்கத்தையும் உயர வரிசையில் அடுக்கி, நெட்டையை நெட்டையோடு ஒப்பிட்டார். 1935-இல் ஆர்.ஏ. ஃபிஷர் அதை மறுத்தார். ஒரே தொட்டியின் மண்ணையும் ஈரத்தையும் பகிர்ந்த செடிகளைப் பிரித்துவிட்டால், டார்வின் பட்ட பாடு வீண் அல்லவா? ஃபிஷர் பக்கம்தான் நியாயம் என்பேன். ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 13-இல் அயற்சேர்க்கை உயரம். மற்ற இரண்டிலும் அது தோற்கிறது, அதுவும் எட்டே கால் அங்குலத்துக்கு மேலும், ஆறு அங்குலமுமாக. அந்தக் குட்டைச் செடிகள் இருக்கும் ஜோடிகள்தான் அவை.

உன் வகுப்புக் கணக்கில் ஜோடி கிடையாது. அங்கே பரவலை மட்டும் பார்த்தால் போதும். ஒரு வகுப்பில் 60 பேர், இன்னொன்றில் 40 பேர் என்பதால் எண்ணிக்கையை வைக்காதே, சதவீதத்தை வை. இரண்டு படங்களையும் ஒரே அளவுகோலில், ஒன்றின் கீழ் ஒன்றாக வரை. நடு எங்கே, சிதறல் எவ்வளவு, எந்தப் பக்கம் வால் நீள்கிறது, தனித்து நிற்பவர் யார் என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் ‘இதை விட அது’ என்று இரு வகுப்பையும் சேர்த்தே எழுது. ஒவ்வொரு வரியிலும் ‘மதிப்பெண்’ என்ற சொல் இருக்கட்டும். வெறும் எண்ணாக விட்டுவிடாதே.

அந்தக் கேள்விக்கு மட்டும் மறுபடி விடை எழுதி, படத்தோடு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா