மூக்கில் தெளிக்கும் மயக்கமருந்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிப் படியில் விழுந்து நாடி பிளந்த பிள்ளையோடு பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடும் தாய்க்குத் தையலைவிட ஊசிதான் பெரிய பயம். ஊசி குத்தாமலே பிள்ளையை அமைதிப்படுத்த மருத்துவத்தில் வழி உண்டு. மிடாசோலம் என்ற மருந்தை வாயால் பருக்கலாம், மூக்கில் தூறலாகத் தெளிக்கலாம். நைட்ரஸ் ஒக்சைட்டை ஒட்சிசனுடன் கலந்து முகமூடியால் சுவாசிக்கவும் கொடுப்பார்கள்.

“ஊசி இல்லையென்றால் அது சும்மா பாணிமருந்துதானே?”

இல்லை. மூக்கின் உட்தோலில் இரத்தக்குழாய்கள் நிறைய உண்டு. தெளித்த மருந்து சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும். மூச்சு மெதுவாகவும் கூடும். அதனால்தான் விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவி மாட்டி, பிள்ளையையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கவேண்டும். கடைசியாகப் பால் குடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்டால், திட்டுவார்களோ என்று நேரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வயிற்றிலிருப்பது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

“வீட்டிலேயே ஒரு கரண்டி பிரிட்டோன் கொடுத்துக் கூட்டிப்போனால் பிள்ளை தூங்கிவிடும்.”

வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், அன்போடு சொல்லப்படும் ஆபத்தான யோசனை இதுதான். பிரிட்டோன் ஒவ்வாமைக்கான மருந்து. சில பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்குப் பதிலாக இன்னும் அந்தரப்படுத்தும். அதே குடும்பத்தைச் சேர்ந்த புரோமெதசீன், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உயிராபத்தான மூச்சுத்தடையை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. பிரிட்டோனை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் வைத்தியசாலையில் கொடுக்கும் மருந்தும் சேர்ந்தால் மயக்கம் ஆழமாகும்.

“மயக்கினால் வலிக்காது.”

மிடாசோலம் பயத்தைத் தணிக்கும், நினைவை மங்கவைக்கும், வலியை நிறுத்தாது. விறைக்கவைக்கும் மருந்து வேறாக வேண்டும். அது கேட்டு வாங்கவேண்டிய விஷயம். மூக்கில் தெளிக்கும்போது கொஞ்சம் எரியும். அதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூளை வளர்ச்சி கெடுமோ என்ற பயத்துக்கு நல்ல பதில் உண்டு. குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாக முழு மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை 7 நாடுகளில் தொடர்ந்து கவனித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறன், முழு மயக்கமின்றி விறைக்கவைத்து அதே சிகிச்சை பெற்ற பிள்ளைகளினதைவிடக் குறையவில்லை.

வீடு திரும்பும் வழியிலும் கவனம் வேண்டும். ஓட்டோவில் மடியில் கண்ணயரும் பிள்ளையின் தலை நெஞ்சில் சரிந்தால் மூச்சுப்பாதை மடங்கும். நாடியைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். முடிந்தால் துணைக்கு இன்னொருவரையும் கூட்டிப்போங்கள்.