பின்னணிச் சோதனைச் செலவு யாருடையது?

கேள்வி: ஜொகூரில் வேலைக்குச் சேருபவர், நிறுவனம் கேட்கும் பின்னணிச் சோதனைக்குத் தாமே பணம் கட்ட வேண்டுமா?

பதில்: பின்னணிச் சோதனை என்பது, வேலைக்கு எடுக்கப்படுபவரின் குற்றப்பதிவு, கடன் நிலை, கல்விச் சான்று, முந்தைய பணி ஆகியவற்றைச் சரிபார்க்கும் நடைமுறையாகும். இதனால் பயன்பெறுவது முதலாளியே என்பதால், செலவையும் அவரே ஏற்பதுதான் நியாயம். 2018 நவம்பரில் ஜெனிவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள், ஆள்சேர்ப்பின் தொடர்புச் செலவுகளை வரையறுத்தபோது, பின்னணிச் சோதனையையும் மருத்துவப் பரிசோதனையையும் அவற்றுள் சேர்த்து, இவற்றைத் தொழிலாளர் மீது சுமத்தலாகாது என்று வழிகாட்டினர். எனினும், அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, முன்பணம், தவறுதலாகக் கூடுதலாக வழங்கிய சம்பளம் போன்ற குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டுமே சம்பளப் பிடித்தத்தை அனுமதிப்பதால், சோதனைக் கட்டணத்தை முதலாளி தம் விருப்பப்படி பிடித்துக்கொள்ள இயலாது. ஆனால் இப்பிரிவு சம்பளத்தையே காப்பதால், வேலையில் சேருமுன் விண்ணப்பதாரர் தம் கையிலிருந்து செலுத்தும் பணத்துக்கு இதே பாதுகாப்பு கிடைப்பதில்லை.

வெளியுறவு அமைச்சு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழ் போன்று, விண்ணப்பதாரரின் பெயரிலேயே பெறப்பட்டு அவரிடமே இருக்கும் ஆவணத்தின் செலவை அவர் ஏற்பதில் ஓரளவு பொருளுண்டு. நிறுவனம் தானே அமர்த்தும் சோதனை முகவருக்கான கட்டணமோ வேறு. முதல் சம்பளத்தையே இன்னும் காணாதவரிடம் அதைக் கேட்பது, வறியவருக்கு வேலைக் கதவை அடைப்பதாகும். ஆகவே, பணம் கட்டுமுன் செலவை ஏற்பவர் யார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், சம்பளத்தில் பிடித்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடுவதும் விண்ணப்பதாரரின் உரிமையாகும்.