இரு தளங்கள், ஒரு கணினி

நுழையும்முன்

பழைய கணினியைக் கழிப்பதற்கு முன், அதனுள் எவை உறைகின்றன என்று எண்ணிப் பார்க்கிறோமா? ஒரே கணினியில் பழைய இயங்குதளத்தையும் புதிய இயங்குதளத்தையும் நிறுவிப் பயன்படுத்தும் முறையையும் அதன் தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

கணினியின் வன்பொருளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து இயக்குவது இயங்குதளம். வன்பொருள் நன்னிலையில் இருக்கும்போதே இயங்குதளம் காலாவதியாகிவிடுவதுண்டு. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கோ 4 ஜிகாபைட் தேவை. இருபது ஆண்டுகளில் தேவை 64 மடங்காகிவிட்டது. எக்ஸ்பிக்கான பொதுவான பாதுகாப்பு மேம்பாடுகளும் 2014 ஏப்ரல் 8உடன் நிறுத்தப்பட்டன. எனவே, புதிய விண்டோஸைப் பழைய கணினி தாங்காது. பழைய விண்டோஸுடன் இணையத்தில் உலவுவது பாதுகாப்பன்று.

பழையது எதற்கு?

அப்படியாயின், பழையதை அழித்துவிடலாமே என்று தோன்றலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களைப் பின்பற்றின. இக்குழப்பத்தை நீக்கத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான கதைகளும் கட்டுரைகளும் மலர்களும் பல. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை உருவாக்கிய மென்பொருள் பழைய இயங்குதளத்தில் மட்டுமே இயங்குவதாயின், அத்தளத்தை அழிப்பது அவற்றைப் படிக்கும் வழியையே அடைப்பதாகும்.

இணைந்து வாழும் முறை

இதற்குரிய தீர்வு, வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றில் பழைய விண்டோஸையும் மற்றொன்றில் எளிய லினக்ஸ் பதிப்பையும் வைத்துக்கொள்வது. முதற்பணி, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்தல். அடுத்து, செயலி 32 பிட்டா 64 பிட்டா என்றறிந்து ஏற்ற பதிப்பைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

நிறுவும் வரிசையும் இன்றியமையாதது. இத்தகைய பழைய கணினி, மின்னூட்டம் பெற்றதும் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்தே இயங்கத் தொடங்கும். பழைய விண்டோஸ் நிறுவப்படும்போது, பிற தளங்களைப் பொருட்படுத்தாது அவ்விடத்தில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸின் கிரப் என்னும் தொடக்க நிரலோ, இரு தளங்களையும் பட்டியலிட்டு நம் விருப்பத்தைக் கேட்கும். ஆதலால் விண்டோஸ் முதலிலும் லினக்ஸ் பின்னரும் நிறுவப்பட வேண்டும்.

ஒரு தளத்திற்குள் மெய்நிகர் கணினியாக மற்றொன்றை இயக்கும் முறையும் உண்டு. அதில் இரு தளங்களும் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய நினைவகமுடைய கணினிக்கு அது பெருஞ்சுமை. தனித்தனியே தொடங்கும் முறையில், இயங்கும் தளத்திற்கு முழு நினைவகமும் கிடைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

விண்டோஸ், கணினியின் உட்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் அதனைப் பெரும்பாலும் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. எனவே, தளம் மாறும்போது இந்தியாவில் ஐந்தரை மணி நேர வேறுபாடு தோன்றலாம். லினக்ஸின் அமைப்பை மாற்றி இதனைச் சரிசெய்யலாம்.

படியெடுக்கும் கடமை

பழைய தளத்தின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுதல் நன்று. அதில் கோப்பைத் திறந்து மூலத்தைச் சரிபார்த்து, குறியேற்ற மாற்றியின் துணையால் ஒருங்குறியாக்கி, இரு தளங்களும் படிக்கவல்ல பொதுப்பகுதியில் சேமிக்கலாம். இணையப் பணிகளைப் புதிய தளத்தில் மேற்கொள்ளலாம். ஓலைச்சுவடிகள் சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்துக் காத்தது நம் மரபு. படி முழுமை பெற்றுச் சரிபார்க்கப்படும்வரை மூலத்தைக் கைவிடலாகாது. வன்தட்டுக்கும் ஆயுள் உண்டு. அது ஓயுமுன் இப்பணி நிறைவுறல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ இல்லத்திலோ உள்ள பழைய தமிழ்க் கோப்பு ஒன்றின் எழுத்துருவைக் கண்டறிந்து, ஒருங்குறிக்கு மாற்றுக.
2. ‘பழைய கணினிகள்: குப்பையா, கருவூலமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.