கடல் கடந்த கிளையைத் தேடுதல்

“உன் தந்தை பெயர் என்ன?” என்று யாரேனும் கேட்டால் உடனே விடை கூறுகிறோம். பாட்டன் பெயரையும் கூறிவிடுகிறோம். பூட்டன் பெயரைக் கேட்டால் சிறிது தயங்குகிறோம். பூட்டனுக்குத் தந்தையாகிய ஓட்டன் பெயரைக் கேட்டாலோ, நம்முள் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. பாண்டியர் பரம்பரையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், நம் வீட்டுப் பரம்பரையில் மூன்றாம் படிக்குமேல் ஏற முடியாமல் நிற்கிறோம். அப்படியிருக்க, நான்காம் படியிலிருந்து பிரிந்து கடல் கடந்து சென்ற கிளை ஒன்றைத் தேடிக் காண்பது எளிதா? எளிதன்று, ஆயினும் இயலும். அதற்குரிய வழியை, என் வீட்டில் நடந்த தேடல் ஒன்றைக் கொண்டே ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

பெட்டி திறந்த நாள்

நான் தாராவியில் பிறந்தவன். எங்கள் முன்னோர் ஊர் திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்த பல குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

2024ஆம் ஆண்டு தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பே இருந்த தரைத்தள வீடு என்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடைக்கும் என்பது விதி. ஆகவே தெருவெங்கும் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. எங்கள் வீட்டிலும் தந்தையார் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் வந்தன. அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஓட்டையிட்ட ஒரு தகர வில்லை. அதில் ஓர் எழுத்தும் சில எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன.

எண்பத்து மூன்று வயதான தாத்தா கட்டிலில் இருந்தபடியே அதைக் கண்டார். “அத ஏன்ய்யா எடுத்த? அது ஓடிப்போனவன் சமாச்சாரம்லா! உள்ள வையி” என்றார்.

ஓடிப்போனவன் யார்? தாத்தாவின் தாத்தாவுக்கு, அதாவது என் ஓட்டனுக்கு, ஒரு தம்பி இருந்தாராம். அவர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக்கு ஓடிவிட்டாராம். அந்தக் கடனால்தான் ஊரில் இருந்த துண்டு நிலமும் போயிற்றாம். அதனால்தான் நாங்கள் பம்பாய்க்கு வந்தோமாம். நூறாண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் வழங்கிய கதை இது. வீட்டில் எந்தப் பிள்ளை சொல் கேளாவிட்டாலும், “அந்த ஓடிப்போனவன் புத்தி” என்பார்கள். இந்தக் கதை உண்மைதானா என்று பார்க்க விரும்பினேன். இதுவே என் தேடலின் தொடக்கம்.

முதற்பாடம்: வீட்டிலே தொடங்குக

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன், வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து கேட்க வேண்டும். போனவர் பெயர், அவருடைய தந்தை பெயர், ஊர், போன காலம், ஏறிய துறைமுகம், அழைத்துச் சென்றவர் ஆகிய ஆறும் இன்றியமையாதவை. இவற்றுள் காலத்தைக் கேட்பதில் ஒரு முறை உண்டு. “எந்த ஆண்டு?” என்று கேட்டால் முதியோர்க்குச் சொல்லத் தெரியாது. “அப்போது வேறென்ன நடந்தது?” என்று கேட்டால் தெரியும். என் தாத்தா கூறினார்: “கப்பல் விட்ட பிள்ளைவாள் ஜெயிலுக்குப் போனாருல்லா, அதுக்கு ரெண்டு மூணு வருசம் பொறவுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு.” வ. உ. சிதம்பரனார் தண்டனை பெற்றது 1908இல். ஆகவே ஓட்டனின் தம்பி சென்றது 1910 அல்லது 1911 ஆதல் வேண்டும். ஒரே சொல்லில் காலம் கிடைத்துவிட்டது!

இரண்டாம் பாடம்: எந்தத் துறை? எந்த முறை?

காலமும் துறைமுகமும் தெரிந்தால், சென்ற நாட்டையும் அங்குள்ள ஏட்டையும் ஓரளவு உறுதி செய்யலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்காக எழுந்ததே ஒப்பந்தக் கூலி முறை. மொரீசியசுக்கு 1834இலேயே ஆட்கள் சென்றனர். நேட்டாலுக்கு முதற்கப்பலாகிய ‘ட்ரூரோ’ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,000க்கு மேற்பட்டோர்; அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60,000க்கு மேற்பட்டோர் சென்றனர். சென்னையிலிருந்து அங்குக் கப்பல் செல்லத் தொடங்கியது 1903இல்தான். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரர் ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆள் அனுப்பினர்.

ஒப்பந்தத்தில் சென்றவரைத் தேடுவோர்க்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அவர்களைக் கணக்கெடுத்து எழுதினர். நேட்டால் கப்பற் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை காணப்படும். மொரீசியசில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்நாட்டுக் குடியேற்ற ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. சிலருடைய நிழற்படமும் உண்டு. மனிதரைச் சரக்குப்போல் எண்ணிட்டு எழுதிய ஏடுகள், இன்று பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டுகின்றன.

இலங்கை, மலேயா, பர்மா ஆகிய நாடுகளின் நிலை வேறு. இலங்கைக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தம் ஊருக்கே வந்து, தம் உறவினரையும் அண்டை அயலாரையும் சேர்த்து அழைத்துச் செல்வார். ஆதலின், யார் பெயர் கப்பலில் எழுதப்பட்டது என்பதைவிட, யார் அழைத்துச் சென்றார் என்பதே அங்கு முதன்மையான வினா. கங்காணியின் ஊரைக் கண்டால் போனவரின் கூட்டத்தையும் காணலாம்.

மூன்றாம் பாடம்: பெயர் மாறும், ஊர் மாறாது

பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் ஏமாறுவர். தமிழ் அறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினர். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். மொரீசியசில் சின்னத்தம்பி ‘சின்னதாம்பூ’ ஆனார். முத்து ‘மூத்தூ’ ஆனார். ஒருவரின் இயற்பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே ஒரு பெயரைத் தேடும்போது, அது எவ்வெவ்வாறு சிதைந்திருக்கும் என்று பத்து வடிவமாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயரோ அவ்வளவு எளிதில் அழிவதில்லை. தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்தது 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் இறந்ததும் அந்நாட்டிலேயே. ஆயினும் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தாயின் ஊர் அவர் பெயருக்கு முன்னே இன்றும் நிற்கிறது. பெயரைத் தேடிக் கிடைக்காதபோது ஊரைத் தேடுக.

நான்காம் பாடம்: பொருளும் பேசும்

நிற்க. எங்கள் தகர வில்லைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்கள் இத்தகைய வில்லைகளை வழங்கின. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் இருக்கும். கூலியாள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்து செல்வார். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இலங்கைக்குச் செல்வோர்க்கான முகாம் இருந்தது. வில்லையைக் காட்டினால் கையில் காசின்றியே பயணம் செய்யலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பின்னர் அது தொழிலாளி தலையில் கடனாக விழும்.

இதைப் படித்து அறிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. வில்லை என்பது பயணச்சீட்டு. பயணம் செய்தவர் கழுத்தில் அது இருந்திருக்க வேண்டும். ஊர் திரும்பாத ஒருவரின் வில்லை எங்கள் பெட்டியில் எப்படி இருக்கும்? அவ்வாறாயின் இது போனவருடைய வில்லை அன்று, போகாதவருடைய வில்லை! போகாதவர் யார்? அதை வைத்திருந்த என் ஓட்டனே ஆதல் வேண்டும்.

ஆனால் இது ஐயமே, சான்று அன்று. ஆராய்ச்சி செய்வோர் தம் மனத்துக்கு உகந்த முடிவைக் கண்டவுடன் துள்ளக் கூடாது. வேறு சான்று வேண்டும்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து பழைய பத்திரத்தின் நகலைப் பெற்றேன். எங்கள் நிலம் அடகு வைக்கப்பட்டது 1918இல். ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவிய ஆண்டு அது. தம்பி சென்று ஏழெட்டு ஆண்டு கழிந்தபின் வைத்த அடகு! பத்திரத்தில் கங்காணிக் கடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வைத்தியச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்றே எழுதியிருந்தது. நிலம் போனதற்குத் தம்பி காரணம் அல்லர் என்பது தெளிவாயிற்று.

ஐந்தாம் பாடம்: கோயில் நோட்டைப் பார்க்க

அடுத்து எங்கள் குலதெய்வமாகிய சுடலைமாடன் கோயிலுக்குச் சென்றேன். கொடைவிழாவுக்கு வரி தந்தோர் பெயரை நோட்டில் எழுதி வைப்பது நெல்லை வழக்கம். வெளியூரில் வாழ்வோரும் வரி அனுப்புவர். பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 1980களின் நோட்டு ஒன்றில், கூடலூரிலிருந்து வரி தந்த ஒருவர் பெயர் இருந்தது. தம் பெயருக்கு முன்னே பாட்டன் பெயரையும் அவர் எழுதச் சொல்லியிருந்தார். அது ஓட்டனின் தம்பியுடைய பெயர்!

நீலகிரிக் கூடலூரில் இந்தப் பெயர் எப்படி வந்தது? இதை விளங்கிக்கொள்ள இலங்கை வரலாறு வேண்டும். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, மணமானோர் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். லயத்து அறையில் வாழ்ந்தவர்க்கு ஏது காகிதம்? 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றாயிற்று. பலர் மண்டபம் முகாம் வழியாகத் தாயகம் திரும்பினர். அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டனர்.

நான் கூடலூர் சென்றேன். நோட்டில் பெயர் இருந்தவர் உயிரோடு இருந்தார். தாத்தாவுக்குத் தம்பி முறை. எனக்குச் சின்னத் தாத்தா. நான் தகர வில்லையை எடுத்து அவர் கையில் வைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இது எங்க தாத்தாவோட அண்ணனுக்கு வந்ததுப்பா” என்றார். நான் எதையும் சொல்லும் முன்பே அவர் கூறினார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அவர் கூறிய செய்தி இது. அண்ணன், தம்பி இருவருக்கும் வில்லை வந்தது. இருவர் முன்பணமும் வீட்டுக் கடனுக்குச் செலவாயிற்று. புறப்படும் வேளையில் அண்ணன் மனைவி நிறைமாதம். “நீ இரு, உன் கடனையும் நானே உழைத்துத் தீர்க்கிறேன்” என்று தம்பி தனியே சென்றார். தோட்டத்தில் இருவர் கடனும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாறும்போது, கடன் தொகையை எழுதித் தரும் ‘துண்டு’ என்னும் சீட்டு அவரைத் தொடர்ந்தது. 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்த பிறகே அவர் தலை நிமிர்ந்தாராம். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை யார்? என் தாத்தாவின் தந்தை, என் பூட்டன்.

வில்லை, பத்திரம், கூடலூர் வாய்மொழி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. எங்கள் வீட்டுக் கதைதான் பொருந்தவில்லை. ஓட்டன் பொய் கூறினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வாய் மூடி இருந்திருக்கலாம்; பின் வந்தோர் அந்த மௌனத்தைக் கதையால் நிரப்பியிருக்கலாம். ஆனால் வில்லையை அவர் எறியவில்லை. பம்பாய்க்கும் எடுத்து வந்தார். மறக்க எண்ணியவர் செய்யும் செயலா அது?

முடிவுரை

தாராவிக்குத் திரும்பித் தாத்தாவிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவர் நம்பவில்லை. பத்திர நகலை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று மாலை, “அந்தக் கூடலூர்க்காரனுக்குப் போன் போடு” என்றார். போட்டுக் கொடுத்தேன். “தம்பி, நான் தாராவிலேர்ந்து அண்ணன் பேசுதேன்” என்று தொடங்கினார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் ‘ஓடிப்போனவன்’ என்னும் சொல் வழங்குவதில்லை.

தோழர்களே! அங்கே 1946, இங்கே 2000. ஒரே ஊரிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளிடமும் காலம் ஒரே வினாவைத்தான் கேட்டது: “நீ இங்கு இருந்ததற்குச் சான்று என்ன?” உழைப்பவன் சான்று சேர்ப்பதில்லை, உழைத்துவிட்டுப் போய்விடுகிறான். சான்று சேர்ப்பது படித்த பிள்ளைகளாகிய நம் கடமை.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் வீடுகளில் பெட்டிகள் இல்லாமல் இல்லை. பேசக்கூடிய முதியோரும் இன்னும் இருக்கிறார்கள். வரும் விடுமுறையில் ஒரு நோட்டும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள். ஊர்ப்பெயரை முதலில் எழுதுங்கள். நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆண்டைக் கணியுங்கள். பழைய பொருள் எதையும் ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்று எறியாதீர்கள். வீட்டில் வழங்கும் பழிக்கதை எதையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். கடலுக்கு அப்பால் போன ஒருவர், நம் வீட்டுக் கடனையும் சுமந்து போயிருக்கக் கூடும்.