எந்தத் தேயிலைக்கு எந்தக் கைப்பக்குவம்

அன்புள்ள கயலுக்கு,

கடைத் தட்டில் டஸ்ட் டீ, இலை டீ, கிரீன் டீ, ஒயிட் டீ என்று எத்தனை பொட்டலங்கள் இருந்தாலும் எல்லாம் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். அந்தச் செடியில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. சீன இனத்துக்கு இலை சிறியது, மலைக்குளிரைத் தாங்கும். அசாம் இனத்துக்கு இலை அகலம். வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் செழிக்கும், சாறும் கடுப்பாக இறங்கும். துளசி, செம்பருத்தி, சாமந்தி போட்டு ஊறவைத்த நீரையும் டீ என்றுதான் விற்கிறார்கள். குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் தேயிலைக் கணக்கில் அவை சேரா.

மற்ற வேறுபாடுகளில் பெரும்பகுதி பறித்த பிறகு வருவது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிய பச்சை இலை நாலரைக் கிலோ அளவுக்கு இருந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆலைக்கு வந்த இலையை நீண்ட தொட்டிகளில் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி இரவு முழுக்க வாட்டுகிறார்கள். ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிவிட்டு விரலைத் திறந்தால், விரியாமல் உருண்டையாகவே நிற்க வேண்டும், அதுதான் பதம். பிறகு இலையை உருட்டிக் கசக்கும்போது உள்ளிருக்கும் சாறு வெளிவந்து காற்றில் படுகிறது. பச்சை நிறம் மெல்லச் செம்பு நிறமாகிறது. பச்சைப் புல் வாசனை போய்ப் பழ வாசனை எழுகிறது. இலையில் இயற்கையாக உள்ள நொதி ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை இது. வேண்டிய பதம் வந்ததும் வெப்பக் காற்றில் உலர்த்தி அதை நிறுத்திவிடுகிறார்கள். கறுப்புத் தேயிலை இப்படித்தான் உருவாகிறது.

இந்த மாற்றத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் மற்ற வகைகள் பிரிகின்றன. பறித்த கையோடு ஆவியிலோ இரும்புச் சட்டியிலோ சூடாக்கி நொதியை முடக்கிவிட்டால் கிரீன் டீ. ஜப்பானில் பெரும்பாலும் ஆவி, சீனாவில் பெரும்பாலும் சட்டி. அதனால்தான் முன்னதில் கடற்பாசி போன்ற வாசமும் பின்னதில் வறுத்த வாசமும் வருகின்றன. பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங்; சீனாவின் ஃபூஜியனும் தைவானும் அதற்குப் பேர்போனவை. இளமொட்டை உருட்டாமல் வாட்டி உலர்த்தினால் ஒயிட் டீ. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-அர் தனி ரகம்: நுண்ணுயிர்கள் வேலை செய்ய விட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிப்பது.

தமிழ்நாட்டு வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் சி.டி.சி. தேயிலை. கூரிய பற்கள் வெட்டிய இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் சுழல, இடையில் சிக்கும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு சிறு மணிகளாக விழுகிறது. 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய முறை இது. மணி சிறிதாக இருப்பதால் நிறமும் கடுப்பும் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் சுவை அமுங்காது. உருட்டும் இயந்திரத்தில் இலை அதிகம் சிதையாமல் செய்வது ஆர்த்தடாக்ஸ். இதில் கடுப்பு குறைவு, மணம் அதிகம். இதில் பாலை ஊற்றுவது கொடுத்த காசை வீணாக்குவது.

பொட்டலத்தில் காணும் பி.ஓ.பி., டஸ்ட் போன்ற பெயர்கள் சல்லடையில் பிரித்த அளவைத்தான் முதலில் சொல்கின்றன. டஸ்ட் என்றால் ஆலைத் தரையைக் கூட்டி அள்ளியது என்று நினைப்பவர்கள் உண்டு. அது மிகச் சிறிய தூள், அவ்வளவுதான். நல்ல தோட்டத்து டஸ்ட் மோசமான இலைத் தேயிலையை எளிதில் தோற்கடிக்கும்.

விளையும் மலையும் பருவமும் சுவையில் தெரியும். டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் கொழுந்து வெளிறிய பொன்னிறச் சாறு தரும். மே, ஜூனில் வருவதில் திராட்சை மணம் இருக்கும். நீலகிரியில் ஆண்டு முழுக்கப் பறிப்பு உண்டு. ஆனாலும் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் செடி மெதுவாக வளர்வதால் அப்போதைய கொழுந்தில் மணம் கூடுகிறது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் தேயிலையைப் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, மலையகம் தேயிலைக்கு மாறியது. அதன் உழைப்பெல்லாம் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களுடையது. நுவரெலியாத் தேயிலை மென்மையானது. தெற்கின் தாழ்நிலத் தேயிலை கறுத்து, கனத்து இருக்கும்.

கறுப்புத் தேயிலைக்குக் கொதிக்கும் நீர் வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி. ஆர்த்தடாக்ஸ் என்றால் மூடி வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே சற்றுக் கூடுதல் நேரம் ஊற வேண்டும். கிரீன் டீக்குக் கொதிநீர் ஆகாது. அடுப்பை அணைத்துச் சில நிமிடம் கழித்து, 75 முதல் 80 டிகிரியில் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கிரீன் டீ கசக்கிறது என்று ஒதுக்குபவர்களில் பலர் குடித்தது வெந்துபோன கிரீன் டீ.

டீக்கடை முறை வேறு. பாய்லரின் வெந்நீரைத் துணி வடிகட்டியிலுள்ள தூளின்மேல் ஊற்றி டிகாஷன் இறக்குகிறார் மாஸ்டர். சர்க்கரை போட்ட கிளாஸில் சூடான பாலையும் டிகாஷனையும் சேர்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து ஆற்றுகிறார். ஸ்ட்ராங், மீடியம், லைட் என்பதெல்லாம் அந்த டிகாஷனின் அளவு. ஆற்றுவதால் சர்க்கரை கரைகிறது, வாயில் வைக்கும் சூட்டுக்கு வருகிறது, மேலே நுரையும் கட்டுகிறது. பாலின் கேசின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்குகிறது. ஒரே தூளில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றும் கடையில் நிறம் வரும், சுவை வராது. கூட்டம் உள்ள கடையில் டீ நன்றாக இருப்பதற்கு, தூள் அடிக்கடி மாறுவதும் ஒரு காரணம்.

வீட்டில் இஞ்சி டீ திரிந்துபோவதற்குக் காரணம் பச்சை இஞ்சியில் உள்ள, பாலைத் திரிக்கும் நொதி. நசுக்கிய இஞ்சியைத் தண்ணீரிலேயே சில நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு தூளையும் பாலையும் சேர்த்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஏலக்காய்க்கு இது தலைகீழ்: இறக்கும்போது தட்டிப் போட்டால்தான் மணம் நிற்கும்.

பாலில்லாமல் குடிப்பவர்களுக்கும் வழிகள் பல. மலபாரின் சுலைமானியில் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் கறுஞ்சிவப்புச் சாறு பொன்னிறமாக வெளுக்கும். அமிலம் பட்டதும் தேயிலையின் நிறமிகள் மாறுவதே காரணம். யாழ்ப்பாணத்தில் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்தபடி குடிப்பார்கள். சர்க்கரை கரைத்த டீயைவிட இது மேல்: இனிப்பு ஒரு பக்கம், தேயிலை ஒரு பக்கம் என்று இரண்டும் துலக்கமாகத் தெரியும். பால் சேர்ப்பதிலும் ஊருக்கு ஊர் வழி வேறு. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வேரூன்றிய தே தாரிக், கெட்டிப்பால் சேர்த்து உயரத் தூக்கி ஆற்றியது. காஷ்மீரின் நூன் சாய் உப்புப் போட்டது. சோடா உப்பும் பாலும் சேர்ந்து இளஞ்சிவப்பாக இருக்கும்.

எந்த வகையானாலும் சாப்பாட்டோடு குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்வதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றால் பாதகம் குறைவு. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம். டீயோடு கடித்துக்கொள்ள மசால் வடையும் பட்டர் பிஸ்கட்டும் பால் டீக்குத்தான் பொருந்தும். ஆர்த்தடாக்ஸையும் கிரீன் டீயையும் தனியாகக் குடிப்பதே நல்லது.

தேயிலை பக்கத்திலுள்ள எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சீனாவில் இரவில் மலரும் மல்லிகையைத் தேயிலையோடு அடுக்கிவைத்து மல்லிகைத் தேயிலை செய்வது இந்தக் குணத்தை நம்பித்தான். அதே குணத்தால், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் திறந்து வைத்த தூள் சில நாளில் சீரக வாசம் அடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைப்பது சரி. கிரீன் டீ சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால் அதைக் கால் கிலோவாக வாங்காமல் 50 கிராம், 100 கிராமாக வாங்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா