பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கத் தகுமா? விடை குழலுக்குள் இருக்கிறது



செம்பனை இளங்கன்றுகளை நட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை தெரியும். இரவில் வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். அதனால் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் உரிமம் பெற்ற ஒருவர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பது புதிதல்ல. புதியது விலை அதிகம். பழையது ஒன்று விற்பனைக்கு வருகிறது. கட்டை பளபளக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?

வாங்குவது உங்கள் வேலையல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அறிவியல் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. தவறான விடைக்கு விலை, சுடுபவரின் கையோ கண்ணோ ஆகலாம்.

முதல் சோதனை சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காவல்துறையின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். தாள்கள் சரியில்லாத துப்பாக்கி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தாள்கள் சரியென்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

'12 போர்' என்றால் என்ன?

தோட்டங்களில் காணப்படுவது பெரும்பாலும் ஈயச் சிறுகுண்டுகளைச் சிதறவிடும் '12 போர்' துப்பாக்கி. இங்கே 'போர்' என்பது குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒரு பவுண்டு (453.6 கிராம்) ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்தும். அதுதான் அந்த எண்ணின் பொருள்.

ஓர் உருண்டையின் எடை 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம். ஆகவே கனஅளவு 3.33 கன செ.மீ. கோளத்தின் சூத்திரத்தில் இட்டால் விட்டம் சுமார் 18.5 மி.மீ. வரும். பழைய குழலைச் சோதிப்பவர் முதலில் அளப்பது இதைத்தான். தேய்ந்தோ சுரண்டப்பட்டோ துளை பெரிதாகியிருந்தால், அந்த அளவுக்குச் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள்.

பெயரில் நன்னீர், காற்றில் உப்பு

சுங்கை ஆயர் தாவார் என்ற பெயரில் நன்னீர் இருக்கிறது. ஆனால் ஊர் இருப்பது கடலோரத் தாழ்நிலத்தில். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் நீரின் மின்கடத்தும் திறன் கூடும், துருவும் விரையும்.

உப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பழைய வகைத் தோட்டாக்களின் அடியில், தீப்பொறி தரும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுடும்போது அது சிதைகிறது:

2KClO₃ → 2KCl + 3O₂

பொட்டாசியம் குளோரைடு குழலுக்குள் படிந்துவிடும். சுமார் 25 பாகை செல்சியஸில், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். எண்ணெய் தடவினால் போதாதா? போதாது. அயனிச் சேர்மம் எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் அக்காலப் படைவீரர்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் தடவினார்கள். அப்படிக் கழுவாத குழலின் வெளிப்பக்கம் மின்னும், உட்பக்கம் குழிகுழியாக அரித்திருக்கும்.

குழி ஏன் ஆபத்து?

சாதாரண 12 போர் தோட்டாவுக்கு அனைத்துலக விதிகள் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 740 பார், அதாவது 74 மெகாபாஸ்கல். கார் டயரில் இருப்பதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல்! இந்த அழுத்தம் குழல் சுவரை இழுத்துக் கிழிக்கப் பார்க்கும். தோராயமாக,

சுவரின் தகைவு = அழுத்தம் × ஆரம் ÷ சுவரின் தடிமன்

தோட்டா அமரும் அறையின் ஆரம் 10 மி.மீ., சுவர் 4 மி.மீ. எனக் கொள்வோம். தகைவு 185 மெகாபாஸ்கல். துரு 1 மி.மீ. தின்றுவிட்டால் அது 247 ஆகிவிடும். அதோடு குழியின் அடியில் தகைவு குவியும். பிளாஸ்டிக் பையில் சிறு வெட்டு இருந்தால் அங்கிருந்தே கிழிசல் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பிலும் அப்படித்தான்.

ஒளியும் ஒலியும் சொல்பவை

இனி வருவது உரிமம் பெற்ற வணிகரோ பழுதுபார்ப்பவரோ, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு பார்ப்பது. நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

குழலைக் கழற்றி ஒளியை நோக்கிப் பிடித்தால், உள்ளே ஒளி வளையங்கள் தெரியும். வளையங்கள் ஒழுங்காக இருந்தால் குழல் நேராக இருக்கிறது. ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நசுங்கல். சுற்றிலும் கருநிழல் தெரிந்தால் அங்கே குழல் புடைத்திருக்கிறது. முன்பு எப்போதோ மண்ணோ துணியோ அடைத்திருந்தபோது சுட்டதன் தடம் அது.

இரட்டைக் குழலை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், நல்லது மணிபோல நீண்டு ஒலிக்கும். இரு குழல்களையும் இணைக்கும் பற்றவைப்பு விட்டிருந்தால் அதிர்வின் ஆற்றல் உராய்வில் வீணாகி, ஒலி 'தொப்'பென்று அடங்கிவிடும். கோயில் மணியில் விரிசல் விழுந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அது 65 மி.மீ. அதில் 70 மி.மீ. தோட்டா தடையின்றி நுழையும்! ஏனெனில் 70 என்பது சுட்ட பிறகு விரியும் நீளம். சுடாதபோது அதன் வாய் மடிந்திருக்கும். சுடும்போது வாய் விரிய இடமின்றி வழி குறுகி, அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

கடைசியாக, குழலின் அடியில் சோதனை முத்திரை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1813 முதல் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டு, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். ஆனால் முத்திரை அன்றைய குழலுக்குச் சான்று. அதன் பின் ஏறிய துருவை அது அறியாது.

ரைஃபிள் என்றால்?

ரைஃபிளின் குழலுக்குள் சுருளாக வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை குண்டைச் சுழற்றும். சுழலும் பம்பரம் சாயாததுபோல் குண்டும் திசை மாறாமல் பறக்கும். வெப்ப வாயு முதலில் தின்பது தோட்டா அறைக்கு முன்னால் இருக்கும் பள்ளங்களை. பார்வைக்குக் குழல் நன்றாக இருக்கும், குறி மட்டும் தவறும்.

வயது மட்டுமே குறையல்ல. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட ரைஃபிளை, அதைச் செய்த ரிக்பி நிறுவனமே 2015இல் திரும்ப வாங்கியது. ஆனால் அவர்கள் விலை கொடுத்தது வரலாற்றுக்கு. தோட்டக்காரர் விலை கொடுப்பது பாதுகாப்புக்கு.

முடிவு எடுப்போம்

*விலை பேசலாம்:* கட்டையில் கீறல், மங்கிய நிறம், துடைத்தால் போகும் மேல்துரு.

*திருப்பிக் கொடுக்க வேண்டும்:* புடைப்பு, விரிசல், அறையருகே ஆழக் குழி, மூடிய பின்னும் ஆடும் குழல், லேசாகத் தட்டினாலே விடுபடும் சுடும் விசை, முத்திரை இல்லாத குழல்.

முதல் வரிசைக் குறைகள் கண்ணுக்குத் தெரிந்து விலையைக் குறைப்பவை. இரண்டாம் வரிசையில் பல, மறைந்திருந்து ஆளைக் கெடுப்பவை. பழைய மோட்டார் சைக்கிளோ எரிவாயுத் தோம்போ வாங்கும்போதும் இதே பாடம்தான்: பளபளப்புக்குப் பதில் தடிமனைக் கேளுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. '16 போர்' குழலின் விட்டம் என்ன?
2. 25 செ.மீ.க்கு ஒரு சுற்று சுழலும் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், நொடிக்கு எத்தனை சுற்று?

(விடைகள்: 1. சுமார் 16.8 மி.மீ. 2. 3,200 சுற்றுகள்)